வாசகர் கேள்வி: செவ்வாய்க்கிழமைப் பிறந்தநாளும் வண்டலூர்ப் புலியும்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஏழு வயது நிறைகிறது. இந்த ஆண்டு மண்டபமும் விருந்தும் வேண்டாம், வண்டலூருக்குப் போய்ப் புலியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பிறந்தநாள் செவ்வாய்க்கிழமையில் வருகிறது. முழங்கால் வலியுள்ள என் மாமியார், நாத்தனார் குடும்பம், இரண்டு வயதுக் கைக்குழந்தை என்று மொத்தம் பதினோரு பேர் கிளம்புகிறோம். புலிக்கூண்டுக்கு முன்னால் கேக் வெட்டலாமா? ஒரே நாளில் எல்லா விலங்குகளையும் பார்த்துவிட முடியுமா?
— ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: முதலில் தடங்கலைச் சொல்லிவிடுகிறேன். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வார விடுமுறை. இது தெரியாமல் பதினோரு பேரும் வேன் பிடித்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருப்பீர்கள். நம் வீடுகளில் ஆங்கிலத் தேதிப்படி ஒன்று, நட்சத்திரப்படி ஒன்று என்று இரண்டு பிறந்தநாள் உண்டல்லவா? நட்சத்திரம் எந்தக் கிழமையில் வருகிறது என்று நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். குழந்தை சமாதானம் அடையாவிட்டால் சொல்வதற்கு இன்னொன்றும் இருக்கிறது: ஊன் உண்ணும் விலங்குகளுக்கு வாரத்தில் ஒரு நாள் இரை வைக்காமல் விடும் வழக்கம் இந்திய உயிரியல் பூங்காக்கள் பலவற்றில் உண்டு. புலிக்கும் விரதம் இருக்கிறது என்று கேட்டால் ஏழு வயது சிரித்துவிடும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அந்தப் பூங்கா ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புள்ள காடு. இரண்டு மணி நேரத்தில் சுற்றிவர அது பொருட்காட்சித் திடல் அன்று. ஐந்தாறு விலங்குகளை உங்கள் மகளே தேர்ந்தெடுக்கட்டும். காலையில் கதவு திறந்தவுடன் உள்ளே சென்று, முதல் வேலையாகப் புலியிடம் போய்விடுங்கள். சிங்கம் ஒரு நாளில் சுமார் இருபது மணி நேரம் படுத்தே கிடக்கக்கூடிய விலங்கு. புலியும் வெயில் ஏறினால் நிழலைத் தேடி ஒதுங்கிவிடும். நடுப்பகலில் வந்து, “ஒன்றுமே தெரியவில்லை, பணம் வீண்” என்று அலுத்துக்கொள்பவர்களின் மேல் எனக்கு இரக்கம் இல்லை. அவர்கள் தங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப வந்தார்கள், விலங்கின் நேரத்துக்கு அல்ல.

என் பேத்தியோடு ஒருமுறை புலியின் அகழி ஓரத்தில் இருபது நிமிடம் நின்றேன். படுத்திருந்த புலி எழுந்தது, தொட்டி வரை நடந்தது, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்னங்கால்களை முதலில் நீருக்குள் விட்டு, பின்புறமாகவே மெல்ல இறங்கிக் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தது. முகத்தில் நீர் படுவதைத் தவிர்க்கவே புலிகள் பெரும்பாலும் இப்படி இறங்குகின்றன. அன்று அவள் பார்த்தவை மொத்தம் நான்கு விலங்குகள்தாம். இன்று வரை பேசுவது அந்தப் பின்நடையைப் பற்றி மட்டுமே.

அங்கே பெரிய விலங்குகளைக் கம்பிக்கூண்டில் அல்லாமல் அகழிக்கு அப்பால் திறந்தவெளியில் வைத்திருக்கிறார்கள். தொலைவு அதிகம் என்பதால் ஒரு பைனாகுலர் உதவும். ஆனால் குழந்தைக்குத் தெரியவில்லை என்று தடுப்புச்சுவரின் மேல் உட்கார வைக்காதீர்கள். 2014-இல் தில்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் உயிர் பிழைக்கவில்லை.

புலிக்கு முன்னால் கேக் வெட்டக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், உயிரியல் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும், அவற்றுக்கு உணவு கொடுப்பதையும், சத்தமிட்டுத் தொந்தரவு செய்வதையும், அங்கே குப்பை போடுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. பதினோரு பேர் கைதட்டி வாழ்த்துப் பாடினால் அதில் எத்தனை விதிகள் மீறப்படும் என்று எண்ணிப் பாருங்கள். பலூனும் வேண்டாம், உடைந்த ரப்பர்த் துண்டை மானோ பறவையோ விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

மாமியாருக்குப் பேட்டரி கார் இருக்கிறது. நுழைவாயிலிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். அன்று சிங்க சஃபாரி உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பழைய சென்னைக்காரராக இருந்தால், காரில் போகும்போது ‘உயிர்க் காலேஜ்’ பற்றிக் கேளுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த பழைய மிருகக்காட்சிசாலைக்கு மக்கள் வைத்த பெயர் அது. எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. உண்மையில் இரண்டும் ஒரே வளாகத்தில் வளர்ந்தவை: 1855-இல் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் விலங்குகளைச் சேர்க்கத் தொடங்கியது அருங்காட்சியக வளாகத்தில்தான். பிறகு அது சென்ட்ரல் அருகே போய், அங்கிருந்து வண்டலூருக்கு இடம் மாறி, 1985-இல் இன்றைய பூங்கா திறக்கப்பட்டது.

பரிசாக ஏதேனும் தர விரும்பினால், அங்கே விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தது பலருக்கு நினைவிருக்கலாம். சிறிய பறவை ஒன்றின் பராமரிப்புச் செலவைக் குறுகிய காலத்துக்கு ஏற்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் இயலக்கூடியதே. தத்தெடுத்த பறவை வீட்டுக்கு வராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேக்கை, எல்லோரும் வீடு திரும்பிக் குளித்து, கைக்குழந்தை தூங்கி எழுந்த பிறகு மாலையில் வெட்டிக்கொள்ளுங்கள்.