மூன்றாவது ஈசிஜிக்குப் பிறகு

வணக்கம் ஐயா,

கம்பம் பக்கம் கூடலூர் எனக்கு. எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்கிறேன். வயது 34. போன கார்த்திகையில் என்னோடு வேலை பார்த்த அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடப்பு, இடது பக்கம் சுருக்கென்று குத்தல், விரல் மரத்துப்போவது, கிறுகிறுப்பு. கம்பத்தில் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். நம்பிக்கை வராமல் குமுளியிலும் இரண்டு முறை ஈசிஜி எடுத்தேன். “டென்ஷன் ஆணு” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நிம்மதி, மறுபடி ஆரம்பம். ராத்திரியில் வீட்டுக்காரியிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்கிறேன். எல்லாரும் பிரமை என்கிறார்கள். எனக்கு வலிக்கிறது ஐயா.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு வலிக்கிறது. அதைப் பிரமை என்று சொன்னவர்கள் சொன்னது தவறு.

பயம் வந்ததும் ரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது. இதயம் வேகமாகவும் ஓங்கியும் அடிக்கிறது. மார்புத் தசைகள் இறுகுகின்றன, குத்தல் அங்கிருந்து வரலாம். உங்களை அறியாமலே மூச்சு வேகமாகி, கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும் அதனால்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதில்லை. (இதைப் படித்துவிட்டு ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கிவிடாதீர்கள்.)

லோயர் கேம்ப் தாண்டி வண்டி மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்ளுமே, அதற்காக யாராவது காது டாக்டரிடம் ஓடுகிறார்களா? எச்சிலை விழுங்கிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறோம். காரணம் தெரியும் என்பதால் அது தொந்தரவு மட்டும்தான். அதே வண்டியில் விரல் மரத்துப்போனால் உங்களுக்கு அந்த அண்ணன் ஞாபகம் வருகிறது. பயம் கூடுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது, மரமரப்பு கையெல்லாம் ஏறுகிறது. இந்தத் திகில் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். இறங்கும்வரை பொறுக்காமல் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவதால், ஈசிஜிதான் காப்பாற்றியது என்று மனம் எழுதிவைத்துக்கொள்கிறது.

என் கவலை அந்த ஈசிஜிகளைப் பற்றித்தான். முதல் பரிசோதனை தேவை, இதய நோய் இல்லையென்று பார்த்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் பயத்துக்குப் போட்ட தீனி. ஒவ்வொரு ‘ஒன்றுமில்லை’யும் முந்தையதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபைல், அந்தப் பக்கம் ஒரு ஃபைல் என்று வைத்து ஒப்பிட்டால் சின்னச் சின்ன வித்தியாசம் எப்படியும் கண்ணில் படும். நாடியை எண்ண எண்ண அது கூடும். குத்துகிற இடத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தால் அழுத்தியதாலேயே அங்கே வலி எடுக்கும். பயத்தை உங்களால் இன்றைக்கே நிறுத்த முடியாது. தொட்டுப் பார்ப்பதைக் குறைக்க முடியும். பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் கால்மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அப்போதும் தோன்றினால் இன்னொரு கால்மணி. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்கமாட்டேன். மூச்சு வாங்கும்போது ஆழமாக இழுக்காதீர்கள். வெளியே விடுவதை மட்டும் மெதுவாக, நீளமாக விடுங்கள்.

நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் விட்டுப்போகிறது, வலி தாடைக்கோ கைக்கோ பரவுகிறது, கொட்டுகிற வியர்வை, மயங்கி விழுவது என்றிருந்தால் இந்தக் கடிதத்தை மறந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

இந்த அவஸ்தைக்கு ‘ஹைப்போகாண்ட்ரியாசிஸ்’ என்று பழைய பெயர் ஒன்று இருந்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டது. நோயாளியை ஏளனம் செய்கிற சொல்லாக அது ஆகிவிட்டது என்பதும் ஒரு காரணம். இதற்கு மருத்துவம் உண்டு. சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. தேவைப்பட்டால் பதற்றத்தைக் குறைக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தருவார்கள். அது பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக்கூடாது. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் மனைவியை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தினம் ராத்திரி அவர் உங்கள் உயிருக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் தூங்கினாரா என்று நீங்கள் எழுதவில்லை. இனி நாடி பார்க்கச் சொல்லாதீர்கள். “பயமா இருக்கு” என்று மட்டும் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அது போதும். புறநோயாளிப் பிரிவு காலையில்தான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் அவரிடமும் பேச வேண்டியிருக்கும். ஃபைலில் ஒன்றை மட்டும் எடுத்துப்போனால் போதும்.