புது மவுஸும் ராத்திரி மரமரப்பும்

கேள்வி: பல வருடம் விண்டோஸில் வேலை செய்துவிட்டு மூன்று வாரம் முன்பு மேக்குக்கு மாறினேன். அதோடு வந்த தட்டையான மேஜிக் மவுஸைப் பிடித்ததிலிருந்து வலது முன்கையில் வலி, ஆள்காட்டி விரலில் இறுக்கம், தோளில் பிடிப்பு. விரலை மடக்கினால் சொடுக்குச் சத்தம் கேட்கிறது. இரண்டு முறை ராத்திரி விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வந்தது. கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் தொந்தரவு) வந்தால் ஆபரேஷன்தான், கை பழையபடி ஆகாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வலி மாத்திரையும் நரம்புச் சத்து மாத்திரையும் நானே வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பதில்: கை பழையபடி ஆகாது என்று இப்போதே பயப்பட வேண்டாம். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். கார்பல் டனல் என்று உறுதியானவர்களிலேயே பலருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டாலும் அது கையை மட்டும் மரக்கச் செய்து முடிக்கிற சின்ன ஆபரேஷன்.

சொடுக்குச் சத்தத்தில் வலி இல்லையென்றால் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். தோள் பிடிப்புக்கு மவுஸை எட்டிப் பிடிப்பது காரணமாக இருக்கலாம். கீபோர்டை ஒட்டி இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கை வலிக்கு வருவோம். மேஜிக் மவுஸில் தனித்தனி பட்டன் கிடையாது, மேல்பரப்பு முழுவதும் ஒரே தகடு. ரைட் கிளிக் வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை மவுஸிலிருந்து முழுக்க எடுக்க வேண்டும். அது லேசாகப் பட்டுக்கொண்டிருந்தாலும் லெஃப்ட் கிளிக் ஆகிவிடும். இதற்குப் பயந்தே பலர் விரலை நாள் முழுக்க அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ஒன்று செய்து பாருங்கள். உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குங்கள். இடது கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்கையின் மேல்பக்கத்தைத் தொட்டால் ஒரு தசை திரளுவது தெரியும். உங்களுக்கு வலிப்பது அங்கேதான் என்றால், அது பெரும்பாலும் அந்தத் தசையின் களைப்புதான், நரம்பு நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சாதாரணமாகக் கிளிக் செய்தாலே ரைட் கிளிக் ஆகும். அதுவும் பழகவில்லையா, பழைய இரண்டு பட்டன் மவுஸை மேக்கிலேயே இணைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். ஸ்க்ரோல் தலைகீழாகப் போகிறதே என்று விரல் தடுமாறினால் செட்டிங்ஸில் திருப்பிவிடலாம். பாயிண்டர் வேகத்தையும் கூட்டுங்கள், மணிக்கட்டு அவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்காது.

கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ராத்திரி மரத்துப்போய் விழிப்பு வந்தது என்று, எனக்கு முக்கியம் அதுதான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்து, கையை உதறினால் சரியாகிறதென்றால் மணிக்கட்டில் மீடியன் என்ற நரம்பு நசுங்குகிறது, அதாவது கார்பல் டனல் என்று சந்தேகிப்பேன். சுண்டு விரல் பக்கம் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில் அழுந்துவது. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம், அதனால்தான் இந்தத் தொந்தரவு ராத்திரியில் தலைகாட்டுகிறது. மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைப் படுக்கும்போது கட்டிக்கொள்ளுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அதைக் கட்டிக்கொண்டே பகலில் மவுஸ் பிடிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் மரமரப்பு குறையவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுவார். இரண்டுமே இந்த நரம்பைத் தொந்தரவு செய்யக்கூடியவை, பழியை மட்டும் மவுஸ் வாங்கிக்கொள்ளும். ஆனால் பகலிலும் மரப்பு விடாமல் இருக்கிறது, சட்டை பட்டன் போட முடியவில்லை, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கட்டை விரலின் அடிச் சதை மற்ற கையைவிட மெலிந்து தெரிகிறது, இவற்றில் எது இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். நசுங்கிய நரம்பை மாதக்கணக்கில் விட்டு அந்தச் சதை வற்றிப்போனால், பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்பாமல் போகலாம். நான் பயப்படுவது ஆபரேஷனுக்கு இல்லை, இந்தத் தாமதத்துக்குத்தான்.

அப்புறம் அந்த மாத்திரைகள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. நரம்புச் சத்து என்று விற்கிற பல மாத்திரைகளில் பி6 வைட்டமின் இருக்கிறது. அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அந்த வைட்டமினே நரம்பைக் கெடுத்து விரல்களை மரக்கவைக்கலாம். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். அட்டையைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை ராத்திரி விழிப்பு வந்தால், விளக்கைப் போட்டு எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறித்துவையுங்கள். சுண்டு விரலையும் தொட்டுப் பாருங்கள்.