மட்டக்களப்பில் இரண்டு நாள்: எதை எப்போது பார்ப்பது?

கேள்வி: நானும் என் கூட்டாளியும் வைகாசியில் ஒரு வெள்ளி இரவு ரயிலேறி, கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறோம். ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுக்க எண்ணியிருக்கிறோம். பாடுமீன், கோட்டை, கொக்கட்டிச்சோலை, பாசிக்குடா, முடிந்தால் அறுகம்பை. இவ்வளவும் பார்க்க முடியுமா?

பதில்: அறுகம்பையை வெட்டிவிடுங்கள். அது நூறு கிலோமீற்றருக்கு மேல். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிய பாதையில் வேகமாக ஓட வழியில்லை. போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை மணித்தியாலம், நாளும் அதோடு போய்விடும்.

மிச்சம் நான்கும் முடியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்பே கலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள், ஏனென்றால் பாடுமீனுக்கு, அதாவது வாவித் தண்ணீருக்கடியில் எழும் அந்தப் பாட்டொலியைக் கேட்பதற்கு, நிலவு வேண்டும். பௌர்ணமியன்றே வரத் தேவையில்லை. அன்று போயா விடுமுறை, அதிலும் வைகாசியில் வெசாக். பாசிக்குடாவில் சனம் நெரியும், அறை வாடகை ஏறும். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வரும் சனிக்கிழமைதான் எங்கள் தெரிவு. அப்போது பொழுதுபடும்போதே நிலவு மேலே நிற்கும். பௌர்ணமி கழிந்தால் நாளுக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித்தான் எழும்.

சனி காலை ரயிலால் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுமுன் புளியந்தீவை நடந்து பாருங்கள். சின்னத் தீவு, வாகனம் தேவையில்லை. கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். பத்து வருடத்தில், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அரச அலுவலகங்கள் இயங்கிய இடம் என்பதால் வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டே உள்ளே போங்கள். படம் எடுப்பதென்றால் காந்தி பூங்காப் பக்கம் வாவிக்கரையில் நின்று, தண்ணீருக்கு மேலால் எடுப்பதுதான் அழகு. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இந்த ஊருக்கு வந்ததை நினைவுபடுத்தும் சிலையும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. பத்து, பத்தரைக்குள் இதை முடித்துவிட்டு வெயிலுக்கு ஒதுங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் அலைந்தால் மாலைக்கு உடம்பில் ஒன்றும் மிஞ்சாது.

பிற்பகல் மூன்றுக்குப் பிறகு கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே விடுங்கள். வழியில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது, கால் மணித்தியாலம் போதும். காத்தான்குடியின் பேரீச்சை மரங்களையும் ஆரையம்பதியையும் கடந்து மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டினால் படுவான்கரை. 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போனார்கள். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் நடை பகலில் சாத்தியிருக்கும். அதனால்தான் மாலையில் போகச் சொல்கிறோம். பறங்கித் தளபதியின் முன் கல் நந்தி எழுந்து புல் தின்றதாக ஐதீகம், அந்த நந்தியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டிவரும். திரும்பும்போது மண்முனைப் பாலத்தடியில் சற்று நில்லுங்கள், சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்குவதைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும்.

படுவான்கரைப் பாதையில் மாடுகள் படுத்திருக்கும். அறுவடைக் காலமென்றால் தார் ரோட்டிலேயே நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும், வேகத்தை முன்பே குறைத்துவிடுங்கள். பெற்றோலை டவுனிலேயே நிரப்புங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இனிப் பாடுமீன். பாலத்தில் நின்று காதைக் கூர்மையாக்கினால் கேட்கும் என்று நம்பி ஏமாந்து திரும்புவோர்தான் அதிகம். தண்ணீருக்குள் எழும் ஒலியில் பெரும்பகுதி நீர்மட்டத்திலேயே பட்டுத் திரும்பிவிடும், காற்றுக்கு வராது. அதனால் தோணியில்தான் போக வேண்டும். இரவு ஒன்பது, பத்துக்குப் பிறகு, காற்று அடங்கியபின், பழைய கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதிக்குப் போய்த் தோணியை நிறுத்துங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதெலும்போடு அழுத்திப் பிடியுங்கள். ஒலி மரத்தினூடாக ஏறிவரும். நரம்பை மெல்லச் சுண்டியதுபோல, ஈரக் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் விரலை ஓட்டியதுபோல இருக்கும். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் பொறுத்தும் கேட்காவிட்டால் இருபது முப்பது யார் தூரம் தள்ளி மறுபடி பாருங்கள்.

மோட்டார் பூட்டிய வள்ளம் வேண்டாம். அலை எழுந்தாலும் கேட்காது, மழைவெள்ளம் இறங்கிக் கலங்கிய வாவியிலும் கேட்காது. சித்திரை முதல் புரட்டாதி வரை நல்ல காலம் என்பது அதனால்தான். பாடுவது மீனா, ஊரி என்ற நீர்நத்தையா என்பதற்கு முடிந்த முடிவு இல்லை. 1848இல் இங்கே வந்து கேட்ட ஆங்கிலேய அரச அதிகாரி எமர்சன் டெனன்டுக்கு ஊரார் சொன்னது ஊரியைத்தான். கூலியை ஏறுமுன் பேசி முடியுங்கள், உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். வாவியில் முதலை உண்டு, காலைத் தொங்கவிட வேண்டாம்.

ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கே பாசிக்குடாவுக்குப் புறப்படுங்கள். வாழைச்சேனைப் பாதையில் சுமார் 35 கிலோமீற்றர், ஏழுக்குள் போய்விடலாம். குடா வளைவும் முருகைக்கற் (பவளப்) பாறையும் அலையைத் தடுப்பதால் இந்தப் பருவத்தில் தண்ணீர் குளம்போல் கிடக்கும், வெகுதூரம் இடுப்பளவில் நடக்கலாம். பதினொன்றுக்கு மேல் மணல் கால்வைக்க விடாது, கடற்காற்றும் எழும்பும். இதையே கார்த்திகை, மார்கழியில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்போம். வாடைக்காற்றில் கடல் கலங்கிக் கிடக்கும். பாசிக்குடாவில் குளித்த துணிவில் கல்லடிக் கடலில் இறங்காதீர்கள், அங்கே கரை சட்டென்று ஆழமாகும், நீரோட்டம் இழுக்கும்.

சுழியோட ஆசையுள்ளவர்கள் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைக் கேட்பார்கள். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே 40 மீற்றர். தனிப் பயிற்சி இல்லாதவரை அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் மாமாங்கேஸ்வரர் கோயிலைக் கும்பிட்டு, நாலரைக்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போங்கள். 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். நேரம் இருந்தால் முகத்துவாரம்வரை நடக்கலாம், ஆனால் வாவித் தண்ணீர் கடலுக்குள் பாயும் அந்த வாயில் நீந்த இறங்கக்கூடாது. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். எடுக்கும்போதே கீறல், நெளிவுகளை உரிமையாளர் முன்னால் படமெடுத்து வைத்திருந்தால் அது பத்து நிமிடத்தில் முடியும், ரயிலுக்கு முன் தயிர்ச் சட்டியொன்று வாங்கவும் நேரம் கிடைக்கும்.