நாகர்கோவிலில் நான்கு நாள்

கேள்வி: காலாண்டு விடுமுறைக்கு நாகர்கோவிலில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கப் போகிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. மாமியாருக்கு மூட்டுவலி. கன்னியாகுமரியை இரண்டு முறை பார்த்தாயிற்று. கணவர் பதினான்கு இடங்களை எழுதி வைத்திருக்கிறார். காலையில் கிளம்பி பொழுது சாய வீடு திரும்புகிற மாதிரி எங்கெல்லாம் போகலாம்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தப் பதினான்கில் பாதியை இப்போதே அடித்துவிடச் சொல்லுங்கள். ஆறு வயதுக் குழந்தையும் மூட்டுவலிக்காரரும் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் குழந்தை அழும், பெரியவர் காரைவிட்டே இறங்கமாட்டார்.

முதல் நாளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கொடுங்கள். வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து தக்கலைக்கு அடிக்கடி பேருந்து உண்டு, அங்கிருந்து ஆட்டோ. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை. நான் ஒருமுறை அது தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அரண்மனை இருப்பது நம் குமரி மாவட்டத்தில்; பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அது நல்லதுதான். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். கறுப்பாக, முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். வெறுங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறும்போது உங்கள் மகள் நகரவே மாட்டாள். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் மேலே பார்க்கச் சொல்லுங்கள்: மரக்கூரை முழுக்கச் செதுக்கிய பூக்கள். ஒன்றைப்போல இன்னொன்று இருக்கிறதா என்று தேடச் சொன்னால் இருவரும் கால்மணி நேரம் கழுத்து வலிக்க நிற்பார்கள். ஆனால் உள்ளே மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. மாமியார் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளட்டும். பக்கத்தில் யாராவது ஒருவர் இருங்கள்.

நீங்கள் வருவது நவராத்திரிக்கு முந்தைய நாட்களாக இருந்தால், தேதியை அக்காவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரத்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இங்கிருந்துதான் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கொலுவுக்குப் புறப்படுவார்கள். அந்தக் காலை கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

திரும்பும் வழியில், தக்கலையை ஒட்டி, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. மரங்கள் அடர்ந்த நிழல், பிள்ளைகள் ஓட இடம். உங்கள் மகனுக்கு முன்கூட்டியே ஒரு கதை சொல்லிவையுங்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியானார். அவருடைய கல்லறை இந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. கதை தெரிந்து போகிற பையன் அந்தக் கல்லைத் தானே தேடிக் கண்டுபிடிப்பான்.

இரண்டாம் நாளுக்கு வாடகை கார் பிடித்துவிடுங்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் மாமியாருக்கு மனம் நிறையும். சயனத் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகப் பார்க்கவேண்டும். அப்புறம் பக்கத்திலேயே மாத்தூர் தொட்டிப்பாலம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே பரளியாற்றின் மேலே 28 தூண்கள் தாங்கி நிற்கும் தொட்டி. அதில் பாசன வாய்க்கால் ஓடும், ஓரத்தில் நாம் நடக்கலாம். தென்னை மரத்தை அண்ணாந்தே பார்த்துப் பழகிய பிள்ளைகள், இங்கே நின்று அதன் உச்சியைக் குனிந்து பார்ப்பார்கள். குருத்தைச் சுற்றி மட்டைகள் நட்சத்திரம்போல விரிந்திருப்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். நூறடிக்கு மேல் உயரம், சகோதரி. மகளின் கையை ஒரு நொடிகூட விடாதீர்கள். ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு நீளமானது, மாமியாருக்கு வேண்டாம்.

திற்பரப்பு அருவியையும் அன்றே சேர்க்க ஆசை வரும். வேண்டாம், மூன்றாம் நாள் காலையில் அதற்கென்றே போங்கள். குளித்தால் பசி எடுக்கும், பசித்தால் தூக்கம் வரும். அதோடு அந்த நாள் சரி. முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் குளிக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிதறால் சமணச் சிற்பங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் குன்றேற வேண்டும். கணவரும் மகனும் மட்டும் ஒருநாள் விடியலில் போய்வரட்டும்.

கடைசி நாள் மாலை வட்டக்கோட்டை. டிலனாய் பலப்படுத்திய கோட்டைதான் இதுவும், மகனிடம் சொல்லுங்கள். மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. முட்டம் கடற்கரைக்குப் போனாலும் பாறைகளில் இறங்கவிடாதீர்கள், அங்கே அலை பொல்லாதது.

வழியில் மட்டி வாழைப்பழம் தொங்குகிற கடையில் நிறுத்தி அரைச்சீப்பு வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், மணம் காரையே நிறைத்துவிடும். மாமியாருக்கும் அது மெல்ல எளிது.