ஆஸ்பத்திரி செலவு, மெஷின், ஆள் பத்தாக்குறை: உங்க கேள்விகளுக்கு என் பதில்

18 வருஷமா ஆஸ்பத்திரி நிர்வாகத்துலதான் இருக்கேன், இப்ப 80 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிய பார்த்துக்கறேன். வந்த கேள்வில ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன்.

கேள்வி: அண்ணே, செலவு குறைக்கறதுன்னாலே எல்லாரும் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியத்தான் சொல்றாங்க. அங்க அப்படி என்ன பண்றாங்க? சம்பளத்துல கை வெக்கறாங்களா?

சூட்சுமம் சம்பளத்துல இல்ல தம்பி, டாக்டரோட நேரத்துல இருக்கு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி ரிட்டயர் ஆனப்புறம் 1976ல வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்ச இடம் அது. அங்க தியேட்டர்ல ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒரு டேபிள்ல புரை எடுத்துட்டு இருக்கும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்த ஆள படுக்க வெச்சு, கண்ண சுத்தம் பண்ணி, துணி போத்தி, கருவியெல்லாம் வரிசையா எடுத்து வெச்சிருப்பாங்க, முதல் ஆள முடிச்சதும் டாக்டர் மைக்ராஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பிக்குவார், அவ்வளவுதான். மத்த இடத்துல என்ன நடக்குது? கேஸ் முடிஞ்சதும் டேபிள் துடைக்கணும், ஷீட் மாத்தணும், வார்டுல இருந்து ஆள் வரணும், வார்டு பாய் லிஃப்ட்டுக்கு நிப்பாரு, அதுவரைக்கும் சர்ஜன் சும்மா உக்காந்திருப்பார். அந்த அரை மணி நேரமும் உங்க பில்லுலதான் வந்து விழுது. அரவிந்த்ல ஒரு சர்ஜன் வருஷத்துக்கு 2000 ஆபரேஷன் வரைக்கும் பண்றாங்கன்னா, டாக்டர்தான் செஞ்சாகணும்ங்கற வேலைய மட்டும் டாக்டர்கிட்ட விட்டதுனாலதான்.

இன்னொன்னு லென்ஸ், புரை எடுத்தப்புறம் கண்ணுக்குள்ள வெக்கறது. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் கிட்ட வித்த காலத்துல, 1992ல ஆரோலேப்னு சொந்தமா ஃபேக்டரி போட்டு பத்து டாலர் பக்கம் கொண்டு வந்தாங்க, அப்புறம் அதுவும் இறங்குச்சு. பாதிக்கு மேல பேருக்கு இலவசமாவோ குறைஞ்ச காசுக்கோ பண்ண முடியறது இதனாலதான்.

கேள்வி: வேகமா பண்ணா இன்ஃபெக்‌ஷன் வராதா சார்? ஒருமுறை யூஸ் பண்ணிட்டு தூக்கிப் போடற சாமான்தானே பாதுகாப்பு?

எல்லாத்துக்கும் அப்படி இல்ல சார். அங்க கருவிகள ஸ்டெரிலைஸ் பண்ணி திரும்பத் திரும்ப யூஸ் பண்றாங்க. 2017ல வந்த ஆய்வுல, பிரிட்டன்ல ஒரு கண்புரை ஆபரேஷனால சுத்துச்சூழலுக்குப் போற கார்பன் மாசோட ஒப்பிட்டா அரவிந்த்ல இருபதுல ஒரு பங்குதான்னு தெரிஞ்சுது, இன்ஃபெக்‌ஷனும் குறைவாத்தான் இருந்துச்சு. ஆனா ஸ்டெரிலைசேஷன் ரெஜிஸ்டர ஒழுங்கா பார்க்காத இடம் இத காப்பி அடிச்சா ஆபத்து, அத அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்க வார்டுல ஆளே நிக்க மாட்டேங்கறாங்க. மேனேஜ்மென்ட்டுக்கு இதெல்லாம் புரியுமா?

எனக்கே லேட்டாத்தான் புரிஞ்சுதும்மா. முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரில மூணு மாசத்துல 11 சிஸ்டர் போயிட்டாங்க, வளைகுடா சம்பளத்தோட நம்மால போட்டி போட முடியாதுன்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். ஒருநாள் ராத்திரி டூட்டில போய் உக்காந்தேன். ஒரு சிஸ்டர் ஒரே பேஷண்ட்டோட பிபிய கேஸ் ஷீட்ல எழுதினாங்க, சார்ட்ல எழுதினாங்க, ஹேண்ட்ஓவர் நோட்ல எழுதினாங்க, இன்சூரன்ஸ் பேப்பர்லயும் எழுதினாங்க, அதுக்குள்ள அந்தப்பக்கம் டிரிப் முடிஞ்சு பாட்டிலு காலியா தொங்குது, பேஷண்ட்டோட மகன் வந்து சத்தம் போடறான், திட்டு வாங்கறது அந்தப் பொண்ணு. நாலுல ரெண்டு எழுத்து வேலைய எடுத்தோம், டூட்டி லிஸ்ட்ட ஒரு மாசம் முன்னாடியே ஒட்டினோம். அதுக்கப்புறம் போறவங்க குறைஞ்சாங்க. சம்பளம் கூட்ட வேண்டாம்னு சொல்லல, கூட்டியே ஆகணும். ஆனா பாதி பேர் அலுத்துப்போய்த்தான் போறாங்க.

அரவிந்த்ல ப்ளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்கள எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து பார்வை டெஸ்ட், தியேட்டர் உதவி எல்லாம் கத்துக்கொடுக்கறாங்க, அருமையான ஏற்பாடு. அத அப்படியே ஜெனரல் வார்டுக்குக் கொண்டு வராதீங்க. கண்ணுல ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும். வார்டுல காலைல காய்ச்சல், மத்தியானம் நெஞ்சுவலி. அங்க படிச்ச நர்ஸோட இடத்துல பயிற்சி இல்லாத ஆள நிறுத்தறது உயிரோட விளையாடறது.

கேள்வி: சின்ன கிளினிக் வெச்சிருக்கேன். சர்க்கரை நோய்ல கண் கெடுதான்னு ஃபோட்டோ எடுத்தே சொல்ற ஏஐ கேமரா விக்க வர்றாங்க. வாங்கலாமா?

டெக்னாலஜி உண்மைதான் டாக்டர். 2016ல கூகுள் ஆளுங்க வெளியிட்ட ஆய்வுக்கு அரவிந்த்ல இருந்தும் சங்கர நேத்ராலயால இருந்தும் படங்கள் போச்சு, ரிசல்ட் கண் டாக்டர்களுக்கு ஈடா இருந்துச்சு. அதையே தாய்லாந்துல கிளினிக்குகள்ல வெச்சப்ப அஞ்சுல ஒரு பங்குக்கு மேல படத்த சிஸ்டம் ஏத்துக்கல, ரூம் சரியா இருட்டா இல்லாததும் ஒரு காரணம். அந்த நோயாளிகள வேற நாள் வேற எடத்துக்குப் போகச் சொல்ல வேண்டி வந்துச்சு, வேலைய விட்டுட்டு வந்தவங்க அவங்க. அதனால வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் யோசிங்க: இருட்டு ரூம் இருக்கா, படம் எடுக்க ஒரே ஆள் தினமும் இருப்பாங்களா, கோளாறுன்னு வந்தா லேசர் பண்ண எங்க அனுப்புவீங்க. மூணாவதுக்கு பதில் இல்லன்னா வாங்க வேண்டாம்.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரில மாத்திரை மட்டும் எப்படி கட்டுபடியாகுது?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்குங்க, 1994ல ஆரம்பிச்சது. மொத்த மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே டெண்டர், பிராண்ட் பேர்ல இல்லாம மருந்து பேர்ல வாங்கறாங்க. மாவட்டக் கிடங்குல இறங்கினதும் சாம்பிள் டெஸ்ட்டுக்குப் போகும், பாஸ் ஆனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக், அதுல உள்ள தொகைக்கு தேவையானத எடுத்துக்கலாம். நம்மள மாதிரி சின்ன ஆஸ்பத்திரிங்க நாலஞ்சு பேர் சேர்ந்து கையுறை, சலைன் மட்டுமாவது ஒண்ணா வாங்கலாம். நாங்க மூணு பேர் சேர்ந்து சலைன்ல ஆரம்பிச்சிருக்கோம்.

கேள்வி: ஓ.பி. சீட்டுக்கு க்யூஆர் கோட் ஸ்கேன் பண்ணச் சொல்றாங்க. எங்க அப்பாவுக்கு பட்டன் ஃபோன்தான்.

அந்த ஸ்கேனுக்குக் கேக்கற ஆபா நம்பர் (மத்திய அரசோட டிஜிட்டல் ஹெல்த் அடையாள எண்) கட்டாயம் இல்லம்மா, அது இல்லாமலே சீட்டு வாங்கலாம். எங்க ஓ.பி.ல க்யூஆர் வெச்சிருக்கோம், பக்கத்துலயே ஆள் உக்காந்திருக்கற கவுண்டரையும் எடுக்கல. ஃபோன் இருக்கறவங்க அந்தப்பக்கம் போயிடறதால பெரியவங்க வரிசை சின்னதாயிடுச்சு. அப்பாவ நேரா கவுண்டருக்கு போகச் சொல்லுங்க, பழைய சீட்டு இருந்தா கைல கொடுத்து விடுங்க.