கேள்வி பதில்: போதை மரணம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

தோட்ட மருந்தகத்தில் தொடங்கி, பிறகு அரசாங்கக் கிளினிக்கில் ஹெரோயின் பழக்கத்துக்கு மாற்று மருந்தான மெத்தடோன் கொடுக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புக் குடியிருப்புகளிலும்) இருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, அமெரிக்காவில் போதை மரணத்தை இனவாரியாகக் கணக்கெடுக்கிறார்களாமே, வித்தியாசம் பெரிதா? (ஓர் ஆசிரியை)

ரொம்பப் பெரிது டீச்சர். 2022-இல் அங்கே அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,08,000 பேர். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு 32.6. ஆனால் பூர்வகுடி மக்களிடம் அது 65.2, கறுப்பினத்தவரிடம் 47.5, வெள்ளையரிடம் 35.6, ஆசியரிடம் 5.3. மாநிலத்துக்கு மாநிலமும் இதே கதைதான். மேற்கு வர்ஜீனியாவில் 80-ஐத் தாண்டியது, தெற்கு டக்கோட்டாவில் 11 சொச்சம்.

அப்படின்னா சில இனத்துக்கு ரத்தத்திலேயே அது ஊறிக் கிடக்குன்னுதானே அர்த்தம்? நம்ம ஆளுங்களையும் அப்படித்தான் பேசுறாங்க. (லோரி ஓட்டும் ஒரு தம்பி)

இல்லை தம்பி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு நம் பிள்ளைகளை முளையிலேயே கிள்ளி விடுகிறது.

1996-இல் ஆக்ஸிகாண்டின் என்ற, ஹெரோயின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. டாக்டர்களே தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பினத்தவர் வலி என்று போனால் அவ்வளவு எளிதில் கொடுக்கவில்லை, வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். அதனால் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த மலை ஊர்களில் வெள்ளையர்கள் அதிகமாக இறந்தார்கள். மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்ததும் பலர் ஹெரோயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் ஃபெண்டனில் என்ற செயற்கைச் சரக்கு வந்து கலந்தது. அது ஹெரோயினைவிட ஏறக்குறைய 50 மடங்கு வீரியம். நகரத்துத் தெருச் சரக்கில் அது புகுந்த பிறகு கணக்கு புரண்டது. 2020-இல் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைத் தாண்டிவிட்டது. இருபது வருடத்தில் யாருக்காவது ரத்தம் மாறுமா? மாறியது சரக்கு, அது கைக்கு வந்த வழி, பக்கத்தில் இருந்த சிகிச்சை.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஸ்காட்லாந்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இனம்தான். ஆனால் 2023 கணக்குப்படி, மிக வறிய பகுதிகளில் போதை மரணம் மிக வசதியான பகுதிகளைப் போல ஏறத்தாழ 15 மடங்கு.

ஆசியருக்கு 5.3 என்றால் நமக்குப் பயமில்லைதானே? (கல்லூரி மாணவர்)

அந்த 5.3 என்ற கணக்கில் வரும் ஆசியரில் படித்துவிட்டு விசா எடுத்துப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறையப் பேர். இங்கே ரப்பர் பால்மரம் வெட்டியவரின் பேரனுக்கு அந்த எண்ணைப் பொருத்த முடியாது.

எங்கள் தாமானில் இந்த வருடம் மூன்று பையன்கள் போய்விட்டார்கள். நம் ஊர்தான் நாட்டிலேயே மோசமா? (கோயில் கமிட்டிக்காரர்)

மூன்று உயிர் என்பது மூன்று வீடு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கை மட்டும் கேட்டால்: 25,000 பேர் உள்ள ஊரில் மூவர் இறந்தால் லட்சத்துக்கு 12. அடுத்த வருடம் ஒருவர் என்றால் 4. இரண்டு பேர் வித்தியாசத்தில் எண் மூன்று மடங்கு ஏறி இறங்குகிறது. சின்ன ஊருக்கு ஐந்தாறு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் பிடிபடும்.

ஆனால் அந்த மூன்றில் ஒன்றுகூட 'போதை' என்று பதிவாகவில்லையே அண்ணே?

நியாயமான கேள்வி. வீட்டில் இறந்தவரை டாக்டர் பார்க்காவிட்டால், குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுப் போலீஸ் நிலையத்தில் காரணம் எழுதப்படுவது நம் நாட்டில் உண்டு. எந்த அம்மா "என் மகன் ஊசி போட்டுச் செத்தான்" என்று சொல்வார்? "தூக்கத்தில் மூச்சு நின்றது" என்பார். அதுவும் பொய்யில்லை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் போதை மரணத்தை உறுதிப்படுத்த முடியாது. ஆகவே ஓர் ஊரில் எண் குறைவாக இருந்தால், அங்கே ஆட்கள் சாகவில்லையா, சாவைச் சோதிக்கவில்லையா என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

தோட்டத்தில் இருந்தவரை இவ்வளவு இல்லையே. தாமானுக்கு வந்த பிறகுதானே? (தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர்)

தோட்டத்திலும் சம்சு என்ற மலிவுச் சாராயம் இருந்தது, நாம் பார்த்ததுதான். ஆனால் ஒருவன் விழுந்து கிடந்தால் அடுத்த லயத்துக்காரர் தூக்கி வந்து மருந்தகத் திண்ணையில் போடுவார். பெரிய தோட்டங்களைப் பிரித்து விற்ற துண்டாடலுக்குப் பிறகு செம்பனை, வீடமைப்பு, கோல்ஃப் திடல் என்று நிலம் கைமாறியது. நம் சனம் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சிதறியது. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போடுகிறான். மூச்சு அடங்கும்போது பார்க்க ஆள் இல்லை. தனியாகப் போடுவதுதான் ஆளைக் கொல்வதில் பாதி.

என் மகன் அடுத்த மாதம் சிறையிலிருந்து வருகிறான். பயமாக இருக்கிறது ஐயா. (ஓர் அம்மா)

அம்மா, உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரத்தில் போதையால் இறக்கும் ஆபத்து, சாதாரண மக்களைவிட 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்ததும் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும்.

ஹெரோயின் பழக்கம் என்றால், வந்த வாரமே மெத்தடோன் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். 2005-லிருந்து நம் நாட்டில் அது நடக்கிறது. தினமும் வரிசையில் நிற்பது கேவலம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முதல் மாதம் அவன் தனி அறையில் தாழ்போட்டுப் படுக்க வேண்டாம். திட்டி வெளியே அனுப்பவும் வேண்டாம், அனுப்பினால் தனியாகத்தான் போடுவான்.

குறட்டை வழக்கமில்லாத ஒரு கொரகொரப்பாகக் கேட்டால் எழுப்பிப் பாருங்கள். நடு நெஞ்செலும்பில் கைமுட்டியை அழுத்தித் தேயுங்கள். கண் திறக்கவில்லை என்றாலோ, உதடும் நகமும் சாம்பல் நிறமாக இருந்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் 999-இல் பேசுகிறவர் சொல்கிறபடி மூச்சும் நெஞ்சழுத்தமும் கொடுங்கள். பால், உப்புத் தண்ணீர், எலுமிச்சை எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். என்ன போட்டான் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள். ஹெரோயின் வகை என்று தெரிந்தால் நலோக்சோன் ஊசியால் மூச்சை மீட்டுவிடலாம்.

ஷாபுவுக்கும் அந்த ஊசி வேலை செய்யுமா?

செய்யாது. ஷாபு (மெத்தம்ஃபெட்டமின்) உடம்பை முடுக்கிவிடும் சரக்கு. அது மூச்சை அடக்குவதில்லை, இதயத்தையும் மூளை ரத்தக் குழாயையும் அடிக்கிறது, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். ஈரத்துணியால் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே 999-ஐ அழையுங்கள். ஷாபுவுக்கு மெத்தடோன் போல ஒரு மாற்று மருந்தும் இன்னும் இல்லை. ஆலோசனையும் விடாத தொடர்பும்தான் இருக்கிறது.