செல்போன் ஆலையா, சென்னை ஐ.டி. வேலையா? ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் டிப்ளமோ இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) முடிக்கப் போகிறாள். கேம்பஸில் ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனி ஒன்று எடுத்திருக்கிறது. உங்கள் அண்ணனோ, "நோக்கியாவையே பூட்டிட்டுப் போனாங்க, பேசாம சென்னையில ஐடி பக்கம் சேர்த்துவிடு" என்கிறார். எதில் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை 2006-ல் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், சலுகைகளோடு வந்தது. 2013-ல் வருமான வரித்துறையோடு தகராறு, அப்புறம் மாநில அரசின் வாட் (விற்பனை வரி) நோட்டீஸ். செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலை கைமாற முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. பழியை முழுக்க வரி மேல் போட முடியாது. பட்டன் போனின் காலமும் அப்போது முடிந்துகொண்டிருந்தது.

மீதிப் பாதியை அண்ணன் சொல்லவில்லை. இறக்குமதி போன்களுக்கான சுங்க வரி 2018-ல் 20 சதவீதம் ஆனது, அதனால் இங்கேயே செய்வது லாபமானது. 2020-ல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை, அதாவது இங்கே செய்து விற்பதற்கேற்ப கம்பெனிக்கு அரசு தரும் பணம், வந்தது. பழைய நோக்கியா வளாகத்துக்கே சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்துவிட்டது. ஃபாக்ஸ்கானும் ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸும் ஆயிரக்கணக்கில் பெண்களை எடுக்கின்றன. ஆனால் அதே சுங்க வரி 2024 பட்ஜெட்டில் 15 சதவீதமாகக் குறைந்தது. ஊக்கத்தொகைக்கும் ஆண்டுக் கெடு உண்டு. ஆக, வரி கொண்டுவந்த வேலையை வரியே கொண்டுபோகவும் கூடும்.

ஐடி மட்டும் என்ன? மென்பொருள் பூங்கா நிறுவனங்களுக்கும் வருமான வரி விலக்கு இருந்தது, 2011 மார்ச்சோடு முடிந்தது. ஆனாலும் கம்பெனிகள் சென்னையின் ஐடி சாலையான ஓ.எம்.ஆரைக் காலி செய்துவிடவில்லை. வேலை தெரிந்த ஆட்கள் அதற்குள் அங்கே திரண்டிருந்தார்கள். அதனால் ஆலை நிற்குமா என்று ஜோசியம் பார்ப்பதைவிட, நின்றால் மகள் கையில் என்ன தொழில் இருக்கும் என்று பாருங்கள்.

அது ஆஃபர் லெட்டரிலேயே ஓரளவு தெரியும். பதவி 'ஆபரேட்டர்' என்றால் பெரும்பாலும் நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்குவது, ஸ்டிக்கர் ஒட்டுவது. இரண்டு வருடம் கழித்தும் அதே வேலைதான். எஸ்எம்டி லைன் (சர்க்யூட் போர்டில் சிறு பாகங்களை மெஷின் பொருத்தும் இடம்), டெஸ்டிங், மெஷின் மெயின்டனன்ஸ் என்று இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். கார் எலக்ட்ரானிக்ஸ் செய்யும் கம்பெனியிலும் கிட்டத்தட்ட அதே மெஷின்தான். அடுத்து, சம்பளம் போடுவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? பி.எஃப். யார் பெயரில் கட்டப்படும்? ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது கான்ட்ராக்ட் ஆட்கள்தான்.

அண்ணன் சொல்லும் 'ஐடி பக்கம்' கால் சென்டர் என்றால் எனக்குச் சம்மதமில்லை. மூன்று வருடம் படித்த எலக்ட்ரானிக்ஸ் அங்கே வீணாகும். பி.இ. ஆசை இருந்தால் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை இருக்கிறது. கட்ஆஃப் நன்றாக இருந்து, வீட்டில் கடன் நெருக்கடி இல்லையென்றால் அதையே முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் சேரும் தேதிக்கு முன் எச்.ஆரிடம் இந்தக் கேள்விகளை மகளே கேட்கட்டும், நீங்கள் பேச வேண்டாம். ஆபரேட்டர் வேலை, அதுவும் கான்ட்ராக்டர் கணக்கில் என்று பதில் வந்தால், சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவு செய்து ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சிக்கு முயலட்டும். உதவித்தொகை சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் முடிவில் அரசுச் சான்றிதழ் கிடைக்கும்.